தோல் போகலாம், ஆள் போகக் கூடாதா?

ஆம்பூரில் தைத்த காலணி அமெரிக்காவுக்குப் போகிறது. நீ எந்த நாடு, எந்த நிறம் என்று அதை எவரும் கேட்பதில்லை. வரி கேட்பார்கள், 2025 ஆகஸ்டில் 50 விழுக்காடு கேட்டார்கள்! அந்தக் காலணியைத் தைத்த தாயின் மகன் வேலூரிலே பொறியியல் படித்துவிட்டுப் போனாலோ, கதவைச் சாத்து என்கிறார்கள்.

எச்-1பி என்னும் வேலை விசாவை அடியோடு ஒழிக்க மசோதா கொண்டுவரப் போவதாக 2025 நவம்பரில் முழங்கினார், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராயிருந்த மார்ஜோரி டெய்லர் கிரீன். அதற்கு இரு திங்கள் முன்புதான் புதிய விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றார் அதிபர் டிரம்ப். அம்மையார் 2026 ஜனவரியில் பதவி விலகிப் போனார். அவர் எழுப்பிய கூச்சல் போகவில்லை.

அவர் திட்டத்தில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. ஆண்டுக்கு 10,000 மருத்துவத் துறையினர் மட்டும் வரலாமாம். அதுவும் பத்தாண்டில் மூடப்படுமாம்! வேலூர்க்காரருக்குச் சிரிப்பு வராதா? நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடிவரும் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் யார்? அமெரிக்கக் குடும்பத்துப் பெண். இராணிப்பேட்டையில் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1900இல் வேலூருக்கு வந்து சிகிச்சை தொடங்கியவர். பிழைப்பைப் பறிக்க வந்தவர் என்றா சொன்னோம்? கைகூப்பி வரவேற்றோம்.

அமெரிக்கத் தொழிலாளி மீது நமக்குப் பகையில்லை. மலிவான ஆளை அமர்த்தி அவனை வீட்டுக்கு அனுப்பிய முதலாளிகள் உண்டு, மறுக்கமாட்டோம். ஆனால் அந்த விசாவின் கடிவாளம் யார் கையில்? விண்ணப்பிப்பவன் முதலாளி. வேலை போனால் 60 நாளில் இன்னொரு முதலாளியைத் தேடு, இல்லையேல் மூட்டையைக் கட்டு! இந்த நிலையில் நிற்பவன் கூலி உயர்வு கேட்பானா? கட்டை அவிழ்க்க மசோதா இல்லை. கட்டுண்டவனைத் துரத்த மசோதா!

தோழர்களே, கசந்தாலும் இதையும் சொல்வோம். நமது தோல் ஆலைகளில் வடபுலத்துத் தொழிலாளியைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். 2015 ஜனவரி இறுதியில், ஒரு நள்ளிரவில், இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தார். பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். படுக்க வீடின்றி ஆலையிலேயே கண்ணயர்ந்தவனா நம் சோற்றைப் பறித்தான்?

அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி, ஒரே சங்கம் என்று ஆலை வாசலில் கேட்போம். வணிகம் பேச வாஷிங்டன் செல்லும் டெல்லி அமைச்சர்கள், தோலுக்குரிய வரியோடு, விரும்பிய முதலாளியிடம் அச்சமின்றி மாறும் உரிமையையும் நம் பிள்ளைகளுக்காகக் கேட்கட்டும்.