அலாரம் வந்தது எப்போது?

பழைய சிஎன்சி மில்லிங் மெஷினில் ஸ்பிண்டில் டிரைவ் அலாரம் போட்டு நின்றுவிட்டால், நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "என்ன நம்பர்?" என்றுதான். அடுத்ததாக "அந்த கார்டு எங்கே கிடைக்கும்?" என்று போன் போகிறது. இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது: அலாரம் வந்த நொடியில் ஸ்பிண்டில் என்ன செய்துகொண்டிருந்தது? கிளம்பிக்கொண்டிருந்ததா, ஒரே வேகத்தில் ஓடியதா, வெட்டிக்கொண்டிருந்ததா, நின்றுவந்ததா? பழுதைத் தேடுவதில் நம்பரைவிட இந்த விவரமே அதிகம் உதவும் என்பது நம் கருத்து. நம்பர் சொல்வது டிரைவின் உணர்சுற்று எதைக் கண்டு மிரண்டது என்பதை மட்டும்தான். அதை மிரட்டியது எது என்று டிரைவுக்கே தெரியாது.

ஃபானுக் ஏசி ஸ்பிண்டில் டிரைவ்களை எடுத்துக்கொள்வோம். 12 என்றால் டிசி லிங்க்கில் மிகை மின்னோட்டம், 11 என்றால் அங்கே மிகை வோல்டேஜ், 2 என்றால் கேட்ட வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம். எம்03 கொடுத்த மாத்திரத்தில், ஸ்பிண்டில் அசைவதற்கு முன்பே 12 வருகிறது என்றால் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது மோட்டார் காயில் எர்த் ஆகியிருக்கலாம். மெயினை அணைத்து, சார்ஜ் விளக்கு அணைந்த பிறகும் நம்பாமல், டிசி பஸ்ஸில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு யு, வி, டபிள்யூ மூன்றையும் கழற்றி, மோட்டார் பக்கத்தை மட்டும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தால் ஓரளவு தெளிவாகும். (டிரைவ் இணைந்திருக்கும்போது மெக்கர் வைத்தால், பார்க்க வந்த பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.) கழற்றிய முனைகளைத் தனித்தனியே இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றிவிட்டு ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் 12 வந்தால் குற்றம் டிரைவுக்குள். அதற்குப் பதில் 2 வந்தால் பார்வை மோட்டார் பக்கம், கேபிள் பக்கம் திரும்ப வேண்டும். இதே 12 காலையில் வராமல், இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு வருகிறது என்றால் கதை வேறு. ஆறிய காயிலில் மெக்கர் நல்ல அளவைக் காட்டும். சூட்டோடு பார்த்தால்தான் இறங்கியிருப்பது தெரியும். அல்லது டிரைவின் விசிறி கூலன்ட் புகையும் தூசியும் குழைந்த பசையில் ஒட்டி எப்போதோ நின்றுபோயிருக்கும்.

நின்றுவரும்போது வரும் அலாரத்தைச் சற்று விரித்துப் பார்க்கலாம், ஏனெனில் அதிகம் கார்டுகள் வீணாவது அங்கேதான். சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 6000 ஆர்பிஎம்மில் இருந்து நிற்கும்போது டிரைவுக்குத் திரும்பி வருவது, 3000-இல் இருந்து நிற்கும்போது வருவதைப்போல நான்கு மடங்கு. எனவே குறைந்த வேகத்தில் டூல் மாற்றும்போது சாதுவாக இருந்து, வேகத்தில் இருந்து எம்05 கொடுத்தால் மட்டும் 11 வருகிறது என்றால், திரும்பும் ஆற்றல் போகும் வழி அடைபட்டிருக்கிறது. ரெசிஸ்டர் வைத்த டிரைவில் அந்த ரெசிஸ்டரே திறந்திருக்கலாம். ஓம் மீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். லைனுக்கே ஆற்றலைத் திருப்பும் டிரைவில் பார்வை கண்ட்ரோல் பேனலைத் தாண்டிப் போக வேண்டும். ஜப்பானில் இருந்து வந்த பழைய மெஷின்கள் 200 வோல்ட் மூன்று ஃபேஸுக்குச் செய்தவை; இங்கே டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறோம். 415-க்கு 200 தரும் டேப்பில் டிசி பஸ் 283 வோல்ட் அளவில் இருக்கும். இரவில் சுற்றுப்புறச் சுமை குறைந்து லைன் 450-ஐத் தொட்டால், ஸ்பிண்டில் சும்மா நிற்கும்போதே பஸ் 307 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். அதற்கு மேல், நிற்கும்போது திரும்பும் ஆற்றலும் வந்து சேர்கிறது. பகலில் வராமல் இரவு ஷிப்டில் மட்டும் வரும் 11-க்கு மருந்து பல நேரம் டிரான்ஸ்பார்மர் டேப்பில் இருக்கும். தைரிஸ்டர் வழியே லைனுக்குத் திருப்பும் பழைய டிரைவ்களிலோ, நின்றுவரும் அந்தச் சில விநாடிகளில் கரன்ட் ஒருமுறை கண் சிமிட்டினால் போதும், ஃபியூஸ் போகும். ஃபியூஸ் மாற்றினால் ஓடும், அடுத்த சிமிட்டல் வரை. நிற்கும் நேரத்தைப் பாராமீட்டரில் நீட்டி அலாரத்தை அடக்குகிறவர்களும் உண்டு. அது நல்ல சோதனை. அதையே ரிப்பேர் என்று எழுதிவைப்பதுதான் தவறு.

"பக்கத்தில் அதே மெஷின் இருக்கிறது, கார்டை மாற்றிப் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுமே" என்பார்கள். மாற்றிப் போடுவது சோதனைதான், மறுப்பில்லை. ஆனால் மோட்டாரைப் பார்க்காமல் மாற்றினால், எர்த் ஆன காயில் இரண்டாவது டிரைவையும் தின்றுவிடும். நின்ற மெஷின் ஒன்று என்பது இரண்டாகும். பழைய டிரைவ்கள் பலவற்றில் மோட்டாருக்கு உரிய விவரம் கார்டில் செருகிய ஒரு சிப்பில் இருக்கும். அதைக் கவனிக்காமல் போட்டால் நல்ல கார்டும் கெட்டதுபோல நடக்கும். பல வருடம் அலமாரியில் கிடந்த டிரைவின் கெப்பாசிட்டருக்கு ஒரே அடியில் முழு வோல்டேஜ் கொடுத்தாலும் நல்ல டிரைவ் கெட்டுப்போகலாம்.

"இத்தனை பாடு எதற்கு, சாதாரண விஎஃப்டி ஒன்றை வைத்துவிடலாம்" என்பதிலும் நியாயம் இருக்கிறது. ரிஜிட் டேப்பிங், ஓரியன்டேஷன் தேவைப்படாத மெஷினுக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் இன்றைய விஎஃப்டியின் கூர்மையான பல்ஸ்கள் பழைய காயிலின் இன்சுலேஷனை முன்பைவிடக் கடுமையாகச் சோதிக்கும். குற்றம் மோட்டாரில் என்றால் புது விஎஃப்டியும் அதே இடத்தில்தான் நிற்கும்.

எளிதில் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. நாம் போய்ச் சேரும்போது ஆபரேட்டர் நான்கு முறை ரீசெட் அடித்திருப்பார். எப்போது வந்தது என்றால் "திடீர்னு நின்னுடுச்சு சார்" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் நாம் எதையும் எழுதச் சொன்னதில்லை. கார்டில் விரிசல் விட்ட ஈயப்பற்று போன்ற பழுதுகள் எந்த நேரக்கணக்குக்கும் கட்டுப்படாமல் வந்துபோவதும் உண்மை. அப்படி எந்த ஒழுங்கிலும் வரவில்லை என்பது தெரியவும் நாலு முறையாவது எழுதியிருக்க வேண்டும். பேனல் கதவின் உட்புறம் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ரீசெட்டுக்கு முன் ஒரு வரி எழுதச் சொன்னால் போதும்: "இரவு 2 மணி. எஸ் 5000 ஓடி எம்05. நின்று வரும்போது 11. லைன் 450." அதைப் படித்துவிட்டு எவரும் முதல் போனை கார்டு கடைக்குப் போட மாட்டார்.