கையில் அதிரும் உயிர்த்துடிப்பு



சென்ற திங்கள் ஹனூரிலிருந்து நம்மவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். சிறுநீரகம் செயலிழந்து, வாரந்தோறும் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவரது இடக்கை மணிக்கட்டின் மேல் விரல் வைத்தால் அதிரும் இடமொன்று, ஒருநாள் காலை அதிராது அமைதியுற்றது. “நாளை மறுநாள் மருத்துவமனைக்குச் செல்லத்தானே போகிறோம்” என்று வீட்டார் இருந்துவிட்டனர். அதற்குள் உள்ளே குருதி முற்றும் உறைந்து வழி அடைபட்டுவிட்டது. வேறிடத்தில் மறுபடியும் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அவர் பட்ட துன்பம் பிறர்க்கு வாராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

அந்த இடத்திற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் இம்முறையை நியூயார்க் மருத்துவர்களாகிய பிரெஸ்சியா, சிமினோ முதலியோர் 1966இல் வெளியிட்டனர். 1943இல் ஹாலந்தில் கோல்ஃப் என்னும் மருத்துவர் இயந்திரச் சிறுநீரகத்தை அமைத்திருந்தார். ஆயினும் மீண்டும் மீண்டும் ஊசி செலுத்தத்தக்க நிலையான வழி இவ்விணைப்பினாலேயே கிடைத்தது. ஆகவே நோயாளிக்கு அஃது உயிர்வழி.

சிறுநீரக நோயில் குருதி இருவேறு இயல்பு கொள்கிறது. கழிவுப் பொருள்கள் தேங்குவதால் தட்டணுக்கள் சரிவர ஒட்டா. பல்லீறிலும் மூக்கிலும் குருதி கசியும். அதே வேளை குழாய்ச் சுவர்கள் கெட்டு, உறையும் தன்மையும் மிகுகிறது. சிறுநீரில் புரதம் பெருமளவு வெளியேறுவோர்க்கு, உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்னும் புரதமும் உடன் போய்விடுகிறது. அதனால் கால் சிரைகளிலும் நுரையீரலிலும் கட்டி அடைக்கலாம். இயந்திரத்தில் குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் தரப்படுவதுண்டு. எனவே ஊசி எடுத்த இடத்தை நன்கு அழுத்திப் பிடித்தல் வேண்டும்.

காலையும் மாலையும் கையின் அதிர்வைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றால் அன்றே, இரவாயினும், மருத்துவரை நாடுங்கள். அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, ஊசி குத்தவோ விடாதீர்கள். இறுகிய வளையல், கடிகாரம், தண்ணீர்க்குடம், தலைக்குக் கைவைத்துத் துயிலல் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒரு கால் மட்டும் வீங்குதல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அழுத்தியும் நில்லாத குருதி ஆகியவை தாமதத்தைப் பொறுக்கா. வலி மாத்திரைகளையும் ஆஸ்பிரினையும் மருத்துவரைக் கேளாது உண்ணாதீர்கள். பல் பிடுங்கும் முன்னரும் நோயைச் சொல்லுங்கள்.

கொள்ளேகால வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூரோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள நம் குடும்பங்களில் முதியோர் சிலர்க்குக் கன்னடம் வருவதில்லை. அதனால் மருத்துவமனையில் சொல்ல வேண்டியதைச் சொல்ல இயலாது திகைப்பர். ஒரு சிறு அட்டையில், “இக்கையில் ஃபிஸ்டுலா உள்ளது, ஊசி குத்தலாகாது, அழுத்தம் பார்க்கலாகாது” என்று கன்னடத்தில் எழுதி, உண்ணும் மருந்துகளின் பெயர்களையும் சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொடுங்கள். எழுதத் தெரிந்த இளைஞர் நம் வீடுகளில் பலர் உளர்.

ஏழையர்க்கு மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் கிடைக்க 2016இல் மத்திய அரசு திட்டம் வகுத்தது. அதனையும் கேட்டறியுங்கள். அண்டை வீட்டில் இந்நோயாளி இருப்பின், இரவில் வண்டிக்கு யாரை எழுப்பலாம் என்பதை இன்றே பேசி வையுங்கள்.