தேய்மானம் எழுதாத கணக்கு

நான் பி.காம். இதை எத்தனை முறை சொன்னாலும் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் எல்லாம் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்பது அவர்கள் கட்சி.

2023 டிசம்பர். ஆருத்ரா தரிசனத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், சிதம்பரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் மாமாவிடமிருந்து போன். "மாப்ளே, வெப்சைட் படுத்துடுச்சு. ஒரு ரூம்கூட புக் ஆவல. உடனே கிளம்பி வா!"

அவர் லாட்ஜ் நிரம்பி வழிவது ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ராவுக்கும்தான். அந்த வாரம் கல்லா காலி என்றால் சும்மாவா?

போய்ச் சேர்ந்தேன். இட்லி, கொத்சு (அட்வான்ஸ்!) முடித்துத் திரையைப் பார்த்தால், 'இந்தத் தளத்தில் கடுமையான பிழை' என்கிற மாதிரி ஒரே ஒரு வரி. பக்கத்தில் ரிசப்ஷன் பையன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. புக்கிங் ப்ளக்-இன்னுக்கு வந்த புது ஸிப் ஃபைலை முந்தின ராத்திரி ஏற்றியது அவன்தான்.

"இவன் கணக்கை இன்னியோட முடிச்சிடறேன்" என்றார் மாமா.

"தெரியாத விஷயத்துல ஏன் தம்பி கை வைக்கிறே?" என்று நானும் என் பங்குக்கு அதட்டினேன். இன்ஜினீயர் வேஷம் போட்டால் இதெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

முதலுதவி சுலபம். ஹோஸ்டிங் கணக்குக்குள் போய், சந்தேகத்துக்குரிய ப்ளக்-இன்னின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் போதும். 'ஆளைக் காணோம்' என்று வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டு மற்றதைத் திறந்துவிடும். திறந்தது. ஆனால் புக்கிங் வசதி இல்லை. கடை திறந்தாச்சு, கல்லாப்பெட்டியைக் காணோம் கதை!

அடுத்து எரர் லாக். சர்வர் தன் குறைகளை எல்லாம் எழுதிவைக்கும் டயரி அது. 'எதிர்பாராத இடத்தில் கேள்விக்குறி' என்று வரி எண்ணோடு புலம்பியிருந்தது. அந்த வரியைப் பார்த்தால் '??' என்று ஜோடியாக இரண்டு கேள்விக்குறி. எழுதியவர் தூக்கத்தில் தட்டிவிட்டாரா?

இல்லை சார். 'ரூம் வாடகை போட்டிருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் பூஜ்யம் வை' என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் குறி அது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பி.ஹெச்.பி. மொழியில், 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில்தான் அறிமுகம். மாமாவின் சர்வரில் இருந்தது 5.6. அது 2014-ல் வந்தது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதைக்கூட 2018 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டார்கள். ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்து "இதென்னய்யா புதுசா?" என்று பேனாவை மூடிவைத்த பழைய கணக்குப்பிள்ளை நிலைமை. தப்பு பில் மேல் இல்லை!

இன்ன பதிப்பு வேண்டும் என்று ப்ளக்-இன் எழுதியவர் ஃபைல் தலைப்பில் குறிப்பிட்டிருந்தால், வேர்ட்பிரஸ்ஸே வாசலில் தடுத்திருக்கும். அவர் குறிப்பிடவில்லை.

பையன் மெதுவாக வாய் திறந்தான். "சார், உள்ள போனாலே 'பி.ஹெச்.பி. பழசு, மாத்துங்க'ன்னு ரொம்ப நாளா வருது. முதலாளிகிட்ட காட்டினேன். ஓடுதுல்ல, விடுன்னாரு."

மாமா சட்டென்று சுவர் காலண்டரில் ராகுகாலம் பார்க்க ஆரம்பித்தார்.

இன்னொரு கூத்து. தளம் விழுந்தவுடன் வேர்ட்பிரஸ் ஒரு எச்சரிக்கை ஈமெயில் அனுப்பும். 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு. அனுப்பியும் இருக்கிறது, என்றைக்கோ தளம் செய்துகொடுத்துவிட்டுத் துபாய் போய்விட்டவரின் விலாசத்துக்கு!

மிச்ச வேலை ஒரு மணி நேரம். முதலில் ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டுக்கும் பேக்-அப் (இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்). பிறகு கன்ட்ரோல் பேனலில் பதிப்பை 8.1-க்கு மாற்றினேன். போட்டோ கேலரி ப்ளக்-இன் ஒன்று 'என்னால் முடியாது' என்று படுத்தது. அதுவும் கிழம். ஓய்வு கொடுத்தேன். புக்கிங்கின் ஃபோல்டருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தேன். வேலை செய்தது! அரை மணியில் சேலத்திலிருந்து ஒரு டபுள் ரூம்.

"ஸாரி தம்பி, உன் மேல தப்பில்ல" என்றேன். லாகைப் படிப்பதற்கு முன்னால் ஆளைத் திட்டியதுதான் அன்றைக்கு நான் செய்த உண்மையான எரர்.

கிளம்பும்போது மாமாவிடம் கேட்டேன். "கட்டில், ஃபேன், ஏ.சி. எல்லாத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதறீங்களே, சர்வருக்கு எழுதினீங்களா?"

"அது தேயுமா மாப்ளே? கண்ணுலயே தெரியலையே!"

அதனால்தான் தேய்கிறது. நாம் போட்ட 8.1-க்கும் பாதுகாப்புக் கெடு உண்டு. அதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மாமா குறித்துக்கொண்டார், 2023 காலண்டரில்!

நல்லவேளை, பையன் தன் போனில் குறித்துக்கொண்டான்.