ஊரெல்லாம் புகழ்ந்த கடை

பயணம் கிளம்புகிறோம் என்று தெரிந்தால் போதும், பெட்டியில் துணி அடுக்கி முடிப்பதற்குள் யோசனைகள் வந்து குவிந்துவிடும். "தூத்துக்குடியா? அந்த ஹோட்டல்ல மீன் சாப்பாடு சாப்பிடாம திரும்பிடாதீங்க!" என்பார் எதிர் வீட்டு அக்கா. சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனாலும் நாம் போய் உட்காரும்போது அந்த ருசி ஏன் நம் இலைக்கு வருவதில்லை? இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டாமா, சகோதரிகளே? சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாயிற்றே! அதோடு, கூட வருவது குழந்தைகள்.

சென்ற ஆண்டு மே மாதம் நாங்கள் தூத்துக்குடிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மூன்று பேர் சிபாரிசு செய்த ஹோட்டல், பெயர் வேண்டாம். சீலா மீன் வறுவல் என்று வந்தது வெறும் சக்கை. (சென்னையில் வஞ்சிரம் என்கிறோமே, அதற்கு இங்கே சீலா என்று பெயர்.) அதுகூடப் போகட்டும். சூரை மீன் குழம்பு சாப்பிட்ட என் நாத்தனாருக்கு அரை மணி நேரத்தில் முகம் செக்கச் செவேலென்று சிவந்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பதறிப் போனோம்.

"இது அலர்ஜி இல்லைம்மா. சூரை, அயிலை மாதிரி மீனை ஐஸ் இல்லாம வெளியே வச்சிருந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாயிடும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது" என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், சில மணி நேரத்தில் சரியாயிற்று. நாக்கில் சுருக்கென்று மிளகுக் காரம் போலப் பட்டால் அந்த மீனை அப்படியே ஒதுக்கிவிட வேண்டுமாம். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சீலா ஏன் சக்கையாக இருந்தது என்பதை மறுநாள் ஒரு மீன்காரம்மா விளக்கினார். "தடைக்காலம்லாம்மா இது! விசைப்படகு ஒண்ணும் போவாது. நாட்டுப்படகு மீனுதான் வரும். சாளை இருக்கு, வாங்கிட்டுப் போங்க. தை மாசம் வந்து சீலா கேளுங்க, தாரேன்."

மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017-க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. இந்த நாட்களில் பெரிய ஹோட்டல்களுக்கு மீன் குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வர வேண்டியிருக்கும். நமக்கோ பள்ளி விடுமுறை சரியாக அப்போதுதான்! தை மாதத்தில் சாப்பிட்டவர் புகழ்ந்தது நிஜம்; சித்திரையில் நாம் முகம் சுளிப்பதும் நிஜம். ஆகவே, "எங்கே சாப்பிட்டீங்க?" என்பதோடு "எந்த மாசம், எந்த வேளை?" என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேளையும் முக்கியம். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைகளுக்கு 'நைட் கிளப்' என்று பெயர். பயந்துவிடாதீர்கள், பரோட்டாவும் சால்னாவும்தான்! பெயருக்கேற்றபடி அவை மாலைக்கு மேல்தான் களைகட்டும். நண்பகலில் போய்ப் பரோட்டா கேட்டால் ஏமாற்றம்தான். இன்னொன்று: ஊருக்குப் பேர் வாங்கித் தந்த மக்ரூனில் முந்திரி, சர்க்கரையோடு முட்டையின் வெள்ளைக்கருவும் உண்டு. சுத்த சைவக்காரர்களுக்கு வாங்கிப் போகும்போது நினைவிருக்கட்டும். காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். இறுக்கமான டப்பா கையோடு கொண்டு போங்கள்.

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் குளிப்புக்கு முன்பே கொஞ்சம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்து எப்படி என்று மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். முத்து வியாபாரிக்கே மாதிரி பார்க்காமல் நம்பிக்கை வராதபோது, நமக்கு மட்டும் என்ன அவசரம்? ஆளுக்கு ஒரு பிளேட் என்று சொல்லாமல், முதலில் ஒரே ஒரு பிளேட் வரவழையுங்கள். எல்லோரும் ஒரு வாய் ருசித்த பிறகு மற்றதைச் சொல்லலாம். "இன்னிக்கு என்ன மீன் புதுசா வந்திருக்கு?" என்று சர்வரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதிலுக்கு அவர் தயங்கினாலே நமக்கு விஷயம் புரிந்துவிடும்.

குழந்தைகளுக்கு ஆவி பறக்கும் சாப்பாடாகவே கேளுங்கள். சாதம் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் ஒருவகைக் கிருமி அதில் நஞ்சைச் சுரந்துவிடும். மறுபடி சுடவைத்தாலும் அது போகாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கைப்பையில் இருக்கட்டும். சுவரில் 14 இலக்க உணவு உரிம எண் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சாப்பாடு சரியில்லையா? "காசு கொடுத்தாச்சே" என்று குழந்தை வாயில் திணிக்க மட்டும் வேண்டாம். போன காசு சாப்பாட்டோடு போகட்டும்; வைத்தியத்துக்கும் சேர்ந்து போக வேண்டாமே!