அவரவர் கசப்பு

ஐப்பசி மழை பிடித்து, அதன் பின்னாலேயே காய்ச்சலும் ஊருக்குள் வந்து சேர்கிற நாட்களில், அரூரில் நிலவேம்புக் குடிநீர் வழங்கும் இடத்தருகே ஓரமாக நின்று, வரிசையில் வருகிறவர்களின் முகங்களை அரை நாழிகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே அண்டாவில் காய்ச்சிய கஷாயம். ஒரே கரண்டியால் ஒரே அளவாக ஊற்றப்பட்டது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர் அதை மோர் குடிப்பதுபோல் நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரின் அடியில் தங்கிய வண்டலையும் சுழற்றி வாயில் விட்டுக்கொண்டார். அவருக்கு அடுத்து நின்ற கல்லூரி மாணவனோ, ஒரு மடக்கு உள்ளே போன மாத்திரத்தில் கண்ணில் நீர் தளும்ப, மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஓடினான். “இந்த வயசுல இதுகூடவா முடியல?” என்று வரிசையில் நின்ற அம்மாள் ஒருத்தி கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள்.

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்த அந்தக் குடிநீரில், நிலவேம்பும் பேய்ப்புடலும் கசப்பில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. ஆனால் முதியவர் சகித்துக்கொண்ட அதே கசப்பைத்தான் அந்தப் பையன் சகிக்க மாட்டாமல் ஓடினானா, அல்லது அவன் நாக்கில் பட்டது முற்றிலும் வேறொரு கஷாயமா என்று நான் யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த பாகற்காய் வழக்கு.

என் பாட்டியை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆயா பாகற்காயை வில்லை வில்லையாக அரிந்து, உப்புப் பிசறி, முறத்தில் பரப்பி வைத்து, அது நீர் விட்ட பிறகு பிழிந்தெடுத்து வதக்குவாள். அண்ணன் அதைக் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொண்டு, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். எனக்கோ ஒரு வில்லை பட்டால் நாக்கின் அடிவரை கசந்து, குமட்டிக்கொண்டு வரும். “ஒரே வயித்துல பொறந்த அவன் தின்னலையா? உனக்கு நாக்கு நீளம்” என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. எனக்கு உண்மையிலேயே கசக்கிறது என்று நான் சொன்னதை, ஒரு குழந்தையின் பிடிவாதத்துக்கு மேலாக யாரும் மதித்ததில்லை.

அந்த மேல்முறையீட்டுக்கு வேண்டிய சாட்சியம், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவில் தயாராகியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1931-ல் டூபாண்ட் கம்பெனியின் ரஸாயன சாலையில் ஆர்தர் ஃபாக்ஸ் என்பவர் ஃபீனைல்தயோகார்பமைடு என்ற வெள்ளைப் பொடியைப் புட்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது, தூசி பறந்து அறையெங்கும் பரவிற்று. பக்கத்திலிருந்த நாலர் என்ற சகா, ‘என்ன இப்படிக் கசக்கிறது’ என்று முகம் சுளித்தார். புட்டிக்கு அருகிலேயே நின்று அந்தத் தூசியை அதிகமாகச் சுவாசித்த ஃபாக்ஸுக்கோ ஒரு ருசியும் தெரியவில்லை. இருவரும் தர்க்கித்தார்கள், ஆளுக்குக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், ஒருவருக்குக் கடும் கசப்பு, மற்றவருக்குச் சுண்ணாம்புத் தூள் போல் வெறும் சப்பு. எங்கள் வீட்டில் நாக்கு நீளம் என்று முடிந்துபோன வழக்கு, அங்கே ஒரு சாஸ்திரத்தின் ஆரம்பமாயிற்று. வெள்ளைக்காரர்களில் சுமார் நூற்றுக்கு 30 பேருக்கு அந்தப் பொடி கசப்பதில்லை என்றும், அது கசப்பதும் கசக்காததும் தாய் தந்தையரிடமிருந்து பரம்பரையாக வருகிற ஆஸ்தி என்றும் ஆராய்ச்சிகள் வரிசையாகக் காட்டின. 1939-ல் ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி என்ற மூன்று அறிஞர்கள் மிருகக்காட்சிசாலைச் சிம்பன்சிகளுக்கே அந்தப் பொடியைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் முகம் சுளித்தவை சில, பேசாமல் விழுங்கியவை சில.

2003-ல்தான் இந்த வேற்றுமையின் மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஏழாவது குரோமோசோமிலுள்ள ஒரு ஜீன், நாக்கின் சுவை மொட்டுகளில் கசப்பை வாங்கிக்கொள்ளும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. 333 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது; அதில் மூன்றே மணிகள் மாறியிருந்தால், ஒருவனுக்குக் காறித் துப்ப வைக்கும் பொடி மற்றொருவனுக்கு மண்ணாகிவிடுகிறது. இதைப் போல் சுமார் 25 வகைக் கசப்பு வாயில்கள் மனித நாக்கில் உண்டு. முட்டைக்கோஸ், கடுகுக்கீரை முதலியவற்றின் கசப்புக்கும் அந்தப் பொடிக்கும் வாயில் ஒன்று. கொயினாவுக்கு வாயில் வேறு. ஆகையால், காப்பிக் கசப்பைக் கொண்டாடுகிறவனுக்குப் பாகற்காய் ஆகாமல் போவதிலும், பாகற்காயை விரும்புகிறவன் முட்டைக்கோஸை ஒதுக்குவதிலும் முரண்பாடு ஒன்றுமில்லை. நாம் கசப்பு என்று ஒரே பெயரிட்டு வைத்திருப்பது ஒரு வாசலல்ல, ஒரு தெரு.

மேல்நாட்டில் இந்த விவகாரம் பெரிதும் பேசப்படுவது திராட்சை மதுவை முன்னிட்டே. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதன்முதலாக அமல்படுத்திய சேலம் ஜில்லாவில் அன்று அடங்கியிருந்து, 1965-ல் பிரிந்த தர்மபுரி மாவட்டத்தோடு வந்த ஊர் அரூர். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஒயினின் ருசிபேதங்களை நான் விவரிக்கப் புகுவது அழகாக இராது. அதற்குப் பதிலாக, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் ஒன்றை எடுத்து, விதையோடு கடித்து மென்று பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். சதையின் தித்திப்பு கரைந்ததும் நாக்கு இழுத்துப் பிடித்ததுபோல் உலர்ந்து சுருங்குகிறதே, அது துவர்ப்பு. தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலின் வழவழப்பைப் பற்றிக்கொண்டு போவதால் உண்டாவது. அதற்குள் மறைந்து சற்றுப் பிந்தி எழும் சிறு கைப்புத்தான் கசப்பு. செந்நிற மதுவில் இருப்பவையும் இவ்விரண்டே. போதாததற்குச் சாராயச் சத்துத் தானே சிலர் நாக்கில் கசந்தும் சிலர் நாக்கில் தித்தித்தும் நிற்கிறது. மேல்நாட்டார் பலர் துவர்ப்பையும் கசப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒரே கோப்பையைப் பற்றிச் சச்சரவு செய்கிறார்கள். அறுசுவை என்று எண்ணி, இரண்டையும் தனித்தனியே வைத்த நம் வைத்தியர்களுக்கு அந்தக் குழப்பமில்லை. எங்கள் மலைக் கடுக்காயை ஒரு துண்டு கடித்த குழந்தைகூட, “கசக்கல, தொவக்குது” என்று திருத்தமாகச் சொல்லிவிடும்.

இத்தனை வாயில்களைப் பிரகிருதி எதற்காக வைத்தது என்றால், காவலுக்காக என்று சொல்ல வேண்டும். தாவரங்களின் விஷங்களில் பெரும்பாலானவை கசப்பவை. எங்கள் பக்கத்தில் விளைந்து சேலத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கிலேயே, அதாவது மரவள்ளியிலேயே, சயனைடாக மாறும் சத்து உண்டு. கசப்பு மிகுந்த ரகங்களில் அது அதிகம். பச்சைக் கிழங்கு கசந்தால் ‘துப்பிவிடு’ என்று குழந்தைக்குச் சொல்கிற தாயும், வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவளும் ரஸாயனம் படித்தவர்கள் அல்லர். நாக்கு என்னும் காவல்காரனின் சொல்லைக் கேட்டு நடப்பவர்கள். குழந்தைகளுக்கு இந்தக் காவல் பெரியவர்களைவிடக் கூர்மையானது. பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவும் பழக்கம் பலித்துவந்த ரகசியமும் அதுதான்.

ஆனால் காவல்காரனும் பழகினால் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறான். முதல் நாள் காப்பி யாருக்கு இனித்தது? சித்தேரி முதியவர் பிறந்த நாள் முதல் எத்தனை மூலிகைக் கஷாயம் குடித்தாரோ! வங்காளத்தார் விருந்தைக் கசப்பில் தொடங்குகிறார்கள். நம்மவர் சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூவோடு வெல்லத்தைச் சேர்த்து ஆண்டையே தொடங்குகிறோம். கசப்பின் அளவைப் பிறவி நிர்ணயிக்கிறது. அதன்மேல் விருப்பம் வருவதும் வராததும் வீட்டின் பழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததே எங்கள் வீட்டுத் தீர்ப்பின் பிழை. பழகினால் பிடித்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தால் அது நியாயம்; கசக்கவே இல்லை என்று அவர் சாதித்தது அநியாயம்.

ஆயா இதையெல்லாம் அறிந்தவளல்ல. ஆனால் உப்பை அறிந்தவள். உப்பு பாகற்காயின் கசப்பு நீரைப் பிழிந்தெடுப்பதோடு, நாக்கில் கசப்பு ஏறுவதையே ஓரளவு அமர்த்திவிடுகிறது என்று 1997-ல் விஞ்ஞானிகள் பரிசோதித்துக் காட்டினார்கள். அவளோ அப்பா கொல்லைப்புறம் போகிற வரை காத்திருந்து, என் தட்டில் இருந்த வில்லைகளை எடுத்து, இன்னொரு முறை உப்புப் போட்டுப் பிசறி, புளியும் வெல்லமும் கூட்டிச் சுண்டவைத்துக் கொண்டுவந்து வைப்பாள். “ஒனக்கு நெசமாவே கசக்குது போலிருக்கு” என்பாள். என் நாக்கைப் பற்றி எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நியாயமான தீர்ப்பு அது.

கசக்கிறது என்று சொல்கிற குழந்தை பெரும்பாலும் உண்மையே சொல்கிறது. அடுத்த முறை அதன் தட்டில் பாகற்காயை வைக்கும்போது, திட்டுவதற்கு முன் வெல்லம் ஒரு துண்டு கூடச் சேருங்கள்.