டகோமா பாலம் ஒத்ததிர்வால் விழவில்லை!



டகோமா நேரோஸ் தொங்குபாலம் இடிந்து விழும் வீடியோ மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கீழே அதே பழைய வரி: "காற்றின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றானதால் ஒத்ததிர்வு ஏற்பட்டு விழுந்தது." தயவுசெய்து இதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். தவறு.

1940 நவம்பர் 7. காற்று மணிக்குச் சுமார் 65 கி.மீ. பாலம் முறுக்கி ஆடியது ஐந்து விநாடிக்கு ஒரு முறை. அந்தக் காற்றில் பாலத்தின் பின்னே சுழல்கள் உருவாவதோ ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று. எங்கே ஒத்துப்போகிறது? 1991-லேயே பில்லாவும் ஸ்கான்லனும் கட்டுரை எழுதி, பாடநூல்களைத் திருத்தச் சொல்லிவிட்டார்கள்.

நடந்தது படபடப்பு. தளம் சற்றுத் திரும்பியதும் அதன்மேல் காற்றின் விசை மாறியது. மாறிய விசை அடுத்த அசைவைப் பெரிதாக்கியது. ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் யாரும் வெளியிலிருந்து தாளம் தப்பாமல் தள்ளவில்லை. சீரான காற்றில் கொடி படபடக்கிறதே, அதற்குத் தாளம் போடுவது யார்?

"பெயரில் என்ன சார் இருக்கிறது?" என்பீர்கள். இருக்கிறது. ஒத்ததிர்வு என்று நம்பும் பொறியாளர் அதிர்வெண்ணை மட்டும் பார்ப்பார். படபடப்பு என்று அறிந்தவர் எந்த வேகத்தில் அது தொடங்கும் என்று பார்ப்பார், வடிவத்தையே மாற்றுவார். 1950-இல் திறந்த புதிய பாலத்தில் அடைத்த தகட்டுப் பக்கங்கள் இல்லை. காற்று புகுந்து போகும் சட்டகம்தான்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, வகுப்பில் வீடியோவைக் காட்டுங்கள். காரணத்தையும் சரியாகச் சொல்லுங்கள்.