பெண்ணுக்குக் கணக்கு வராதா?



நமக்குத் தெரிந்த கணக்கெல்லாம் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு. ஆனால் வீட்டில் ஒரு பெண் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள் என்றால், ராத்திரி பதினொரு மணிக்கு எதனோடு மல்லுக்கட்டுகிறாள் என்று தாய்க்குக் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள்தான். மகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவளுக்கு இந்த செமஸ்டரில் 'காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்' என்றொரு பாடம். தமிழில் கலப்பெண் பகுப்பாய்வு என்கிறார்கள். முதல் தேர்வில் மார்க் குறைந்துவிட்டது. "இதுக்கான மூளை எனக்கு இல்லம்மா, நிறுத்திடறேன்" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார், "அதுவும் நல்லதுக்குத்தான் அண்ணி. வந்திருக்கிற வரனை முடிச்சிடலாம்" என்றாள்.

"முதல்ல அது என்ன பாடம்னு எனக்குச் சொல்லு" என்றேன் மகளிடம்.

"வாசல்ல கிழக்கே பார்த்து நில்லும்மா. அப்படியே பின்பக்கம் திரும்பினா மேற்கு. கணக்கில் இது மைனஸ் 1-ஆல் பெருக்குவது. அந்தத் திருப்பத்தை ரெண்டு பாதியாக்கு. இடது பக்கம் ஒருமுறை திரும்பினா வடக்கு, இன்னொரு முறை திரும்பினா மேற்கு. அந்தப் பாதித் திருப்பத்துக்குப் பேர்தான் 'ஐ'. ஐ-யை ஐ-யால் பெருக்கினா மைனஸ் 1" என்றாள்.

இதற்குக் கற்பனை எண் என்று பெயர் வைத்துப் பயமுறுத்திவிட்டார்களே என்று தோன்றியது. சாதாரண எண்கள் ஒரே வரிசையில் வைத்த புள்ளிகள் மாதிரி. கலப்பெண்களோ புள்ளிக் கோலம் போல நாலா பக்கமும் பரவியவை. அவ்வளவுதான்.

கோஷி (1789-1857) என்ற பிரெஞ்சுக்காரர் இதில் ஓர் அதிசயம் கண்டார். நம் பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரையை ஒரு சுற்று சுற்றி அங்குள்ள அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டு, உள்ளே ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? நிஜ ஏரியில் முடியாது. ஆனால் ஒழுங்கு குலையாத கலப்பெண் சார்புகளில் அது முடியுமாம்!

இனிதான் முக்கியமான விஷயம். நம் ராமானுஜனுக்கே இந்தப் பாடம் தெரியாமல் இருந்தது! சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் பிரமிக்க வைக்கும் சூத்திரங்கள் இருந்தன. ஆனால் பகா எண்களைப் பற்றி எழுதியது பிசகிவிட்டது. காரணம் இந்தப் பாடத்தைப் படிக்காததுதான் என்று ஹார்டியே விளக்கியிருக்கிறார். மூளைக்கா குறைச்சல்? சொல்லிக்கொடுக்க ஆளில்லை, சரியான புத்தகம் இல்லை.

1914-ல் இங்கிலாந்து போனார். ஹார்டி பக்கத்தில் இருந்தார். என்ன ஆயிற்று பாருங்கள். நாலு முறுக்கைப் பங்கு போடுவதென்றால், 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வகை. பத்து என்றால் 42 வகை. 200 என்றால்? 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388! இதைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை 1918-ல் இருவரும் வெளியிட்டார்கள். மக்மஹோன் என்பவர் வேறு வழியில் கையாலேயே கணக்கிட்ட விடையும் இதோடு ஒத்துப்போனது. அந்தச் சூத்திரத்துக்கு அடிப்படை, வட்டத்தைச் சுற்றிவந்து கணக்கிடும் கோஷியின் வழிதான்.

நம் பக்கத்திலும் குருமார்கள் இல்லாமல் இல்லை. ஹார்டியிடம் படித்த ஆனந்த ராவ் சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் சொன்னார். லயோலா கல்லூரியில் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். அவரிடம் படித்த ராகவன் நரசிம்மன் இந்தப் பாடத்துக்கே புத்தகம் எழுதினார்.

மகளிடம் இதைச் சொல்லி, "ராமானுஜனுக்கே ஆள் தேவைப்பட்டதே, உனக்குத் தேவைப்படாதா?" என்றேன். மறுநாளே பேராசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்டாள். இளங்கலையில் படித்த மெய்யெண் பாடம் சரியாக ஊன்றவில்லை, அதைத் திரும்பப் படி என்றாராம். இப்போது சீனியர் பெண் ஒருத்தியோடு சனிக்கிழமைதோறும் கணக்குப் போடுகிறாள். ஏம்பலத்திலிருந்து பஸ் மாறிப் போய்த் திரும்புகிறவளுக்கு நேரம்தான் பெரிய பாடு. அதனால் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை எந்த வேலைக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. தோசைக்கு அரைப்பது அவள் தம்பி பொறுப்பு. வரன் வீட்டாரிடம், "படிப்பு முடியட்டும், பிறகு பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்கள் காத்திருப்பார்களோ, மாட்டார்களோ!

அடுத்த தேர்வு இன்னும் வரவில்லை. மார்க் எப்படி வருமென்று தெரியாது. ஆனால் 'நிறுத்திடறேன்' என்ற பேச்சு நின்றிருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் பெண் ஏதாவதொரு பாடம் வரவில்லை என்றால், "உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில் தடுக்குகிறது, யாரைக் கேட்கலாம், தினமும் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்ற மூன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு நாம் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை.